1972 அம்பாசடர் மார்க் 2: ரிங் மட்டும் மாற்றினால் போதுமா, போரிங் போட வேண்டுமா?

மார்க்2_புதுக்கோட்டை

வணக்கம் நண்பர்களே. தாத்தா வாங்கிய 1972 மார்க் 2 வண்டி, அதே 1489 சிசி பெட்ரோல் இன்ஜின்தான் இன்னும் இருக்கிறது, டீசல் இன்ஜின் மாற்றவே இல்லை. பத்துப் பன்னிரண்டு வருடம் கொட்டகையில் நின்றது. போன வருடம் எடுத்து ஓட்ட ஆரம்பித்தேன். இப்போது ஆயில் குடிக்கிறது. திருச்சி போய் வந்தால் டிப் ஸ்டிக்கில் அரை விரற்கடை இறங்கிவிடுகிறது. ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதெல்லாம் பின்னால் நீலப்புகை. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அங்கிருந்தும் புஸ் புஸ் என்று புகை வருகிறது. கியர் பாக்ஸும் இன்ஜினும் சேரும் இடத்தில் வேறு ஆயில் சொட்டுகிறது.

கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுத்தம்) பார்த்தோம். 1, 2, 4 மூன்று சிலிண்டரும் 105இலிருந்து 115 பி.எஸ்.ஐ.க்குள் இருக்கின்றன, மூன்றாவது மட்டும் 70. பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டுப் பார்த்ததில் மூன்றாவது 100 வரை ஏறியது.

எங்கள் ஊர் மெக்கானிக் நல்ல மனிதர், அவர் சொல்வது: "ஹெட்டைக் கழற்றி, சம்ப்பை (அடியில் இருக்கும் ஆயில் தொட்டி) கழற்றி, ரிங் செட் (பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையங்கள்) மாற்றிவிடலாம், இன்ஜினை இறக்கவே வேண்டாம், இரண்டு நாள் வேலை." வேறொரு பட்டறையில் கேட்டால் முழுசாக இறக்கி போரிங் போட்டு (சிலிண்டரை அகலமாகக் கடைந்து) புது பிஸ்டன் போடச் சொல்கிறார்கள். செலவு மூன்று மடங்குக்கு மேல். பணத்தைவிடப் பெரிய பயம், ஒழுங்காக ஓடுகிற இன்ஜினைப் பிரித்து மேய்ந்துவிட்டுப் பழையபடி வராமல் போய்விடுமோ என்பதுதான். தாத்தா கையால் பராமரித்த வண்டி. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

லேத்து_கோவை

தம்பி, முதலில் ஒன்று. ஆயில் விட்டதும் கம்ப்ரஷன் ஏறியது என்றால் காற்று போகிற வழி ரிங் பக்கம்தான், வால்வு பக்கம் இல்லை. வால்வு கசிந்தால் ஆயில் விட்டாலும் முள் அப்படியே நிற்கும். மிதிக்கும்போது புகை, ஆயில் மூடியில் புகை, இரண்டும் அதையேதான் சொல்கின்றன. காலையில் ஸ்டார்ட் செய்த உடனே ஒரு குப் புகை வந்து அப்புறம் நின்றால் வால்வு கைடைச் சந்தேகப்படலாம், உங்களுடையது அப்படி இல்லை.

கியர் பாக்ஸ் பக்கம் சொட்டுவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். இந்த இன்ஜினில் கிராங்கின் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) பின்பக்கம் ரப்பர் சீல் கிடையாது. கிராங்கில் திருகு மாதிரி ஒரு மரை வெட்டியிருக்கும், அது சுற்றும்போது ஆயிலை உள்ளே தள்ளும், அவ்வளவுதான் ஏற்பாடு. ரிங் வழியாகக் காற்று கீழே இறங்கி சம்ப்புக்குள் அழுத்தம் கூடினால் அந்த மரையால் தாக்குப்பிடிக்க முடியாது. பல பேர் சீல் தேடிக் கடை கடையாக அலைவார்கள், இல்லாத பொருளை எங்கே வாங்குவது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ரிங்கா போரிங்கா என்பதை நானோ உங்கள் மெக்கானிக்கோ வாயால் சொல்லக் கூடாது, சிலிண்டர்தான் சொல்ல வேண்டும். ஹெட்டைக் கழற்றுங்கள். அதற்கு எப்படியும் கேஸ்கெட் செலவு மட்டும்தான். கழற்றியதும் சிலிண்டரின் மேல் விளிம்பிலிருந்து கொஞ்சம் கீழே நகத்தால் வருடிப் பாருங்கள். ஒரு படிக்கட்டு மாதிரி நகம் தட்டினால் அது டாப் ரிங் மேலே வந்து திரும்புகிற இடம். அந்த இடத்தில்தான் சூடும் அதிகம், அழுத்தமும் அதிகம், பிஸ்டன் ஒரு நொடி நின்று திரும்புவதால் ஆயில் படலமும் அறுந்துபோகும். அதனால் சிலிண்டர் எப்போதும் மேலே அகலமாகவும் கீழே ஒடுங்கியும் தேயும். அதோடு பிஸ்டன் இடது வலது பக்கம் சாய்ந்து அழுத்துவதால் வட்டமாக இல்லாமல் முட்டை வடிவத்துக்கும் போகும். புது ரிங் வட்டமானது. முட்டை வடிவ ஓட்டைக்குள் வட்ட ரிங்கைப் போட்டால் எப்படிப் பிடிக்கும்? அது மட்டும் இல்லை, பழைய ரிங் அந்தப் படிக்கட்டுக்கு ஏற்றபடி ஓரம் மழுங்கியிருக்கும், புது ரிங்குக்கு ஓரம் கூர்மையாக இருக்கும். மேலே போய்ப் படிக்கட்டில் டங் டங்கென்று இடிக்கும். ரிங் உடையும், இல்லாவிட்டால் பிஸ்டனில் ரிங் உட்காரும் வரம்பே உடையும்.

போர் கேஜ் இல்லாவிட்டாலும் வீட்டிலேயே அளக்க ஒரு வழி உண்டு. ஒரு ரிங்கை எடுத்துச் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனின் தலையால் தள்ளி நேராக உட்கார வையுங்கள். மேலே, தேய்ந்த இடத்தில் ஒருமுறை ரிங்கின் வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் (மெல்லிய அளவுத் தகடு) அளங்கள். அப்புறம் அதே ரிங்கை அடிப்பக்கம் ரிங் போகாத இடம் வரை தள்ளி அங்கே அளங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 3.14ஆல் வகுத்தால் எத்தனை தவ் தேய்ந்திருக்கிறது என்று வந்துவிடும் (தவ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, பட்டறையில் எல்லாமே இந்தக் கணக்குதான்). ரிங் பழசாக இருந்தாலும் பரவாயில்லை, வித்தியாசம்தான் முக்கியம். 3, 4 தவ்வுக்குள் இருந்து சுவரில் கீறலும் இல்லை என்றால், படிக்கட்டை எடுத்துவிட்டு, லேசாக ஹோனிங் போட்டு (கல்லால் சுவரைத் தேய்த்து) ரிங் மாற்றுவதில் தப்பில்லை. 7, 8 என்று போனால் போரிங்தான், அதில் பேச்சே இல்லை.

பிஸ்டனின் தலையில் கரியைச் சுரண்டிப் பாருங்கள். ஏற்கெனவே போரிங் போட்டிருந்தால் எண் அடித்திருக்கும். தயவுசெய்து அளப்பதற்கு முன்னால் பிஸ்டன் செட் வாங்கிவிடாதீர்கள்.

டாக்சி_ஸ்டாண்ட்

எங்கள் அப்பா மதுரையில் அம்பாசடர் டாக்சி ஓட்டியவர். அந்தக் காலத்தில் ரிங் மட்டும் மாற்றி எத்தனையோ ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறார்கள். போரிங் போட்டால் வண்டி நாலு நாள் நிற்கும், நாலு நாள் அடுப்பு எரியாது. ஆகவே மெக்கானிக் சொல்வது தப்பில்லை என்பது என் கருத்து. மாதத்துக்கு இருநூறு கிலோமீட்டர் ஓட்டுகிற வண்டிக்கு எதற்கு இவ்வளவு?

லேத்து_கோவை

டாக்சி ஸ்டாண்ட் அண்ணா, நீங்கள் சொல்வது உண்மை. ஆனால் அந்த வண்டிகள் தினமும் ஓடியவை, ரிங்கும் சுவரும் சேர்ந்தே தேய்ந்தன, கண்ணாடி மாதிரி மழமழவென்று இருக்கும். இவருடையது பத்து வருடம் சும்மா நின்ற வண்டி. திறந்திருந்த வால்வு வழியாக ஈரக்காற்று இறங்கி ஒன்றிரண்டு சிலிண்டரில் துரு பிடித்திருக்கும். ரிங் நின்ற இடத்தில் ஒரு வளையம் மாதிரி குழி விழுந்திருக்கும். மூன்று ஒரு மாதிரி, ஒன்று மட்டும் வேறு மாதிரி என்றாலே திறந்து பார்க்காமல் முடிவு எடுக்கக் கூடாது. டாக்சிக்காரர் ரிங் மாற்றியதற்குக் காரணம் நேரம், இவருக்கு நேரம் இருக்கிறது.

மார்க்2_புதுக்கோட்டை

திறந்துவிட்டோம். மெக்கானிக் அண்ணனிடம் இந்தப் பதிவைக் காட்டினேன், அவரும் சரி அளந்து பார்ப்போம் என்றார், மனம் கோணவில்லை.

பிஸ்டன் தலையில் அரை மணி நேரம் மண்ணெண்ணெய் ஊற்றிச் சுரண்டியதில் 020 என்று எழுத்து தெரிந்தது. தாத்தா எப்போதோ ஒருமுறை போரிங் போட்டிருக்கிறார், வீட்டில் யாருக்கும் தெரியாது. அப்பாவிடம் சொன்னதும் "எண்பதுகளில் ஒரு மாசம் கார் இல்லாமல் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனோமே, அதுதான் போல" என்றார்.

ரிங் வைத்து அளந்தது: முதல் சிலிண்டரில் மேலே 41, கீழே 19. வித்தியாசம் 22, 3.14ஆல் வகுத்தால் 7 தவ். இரண்டும் நான்கும் ஏறக்குறைய அப்படியே. மூன்றாவதில்தான் வேறு சங்கதி. சுவரில் மேலிருந்து கீழாக ஒரு கோடு. ஆணியால் கிழித்த மாதிரி நேர்க்கோடு, நகம் நன்றாக உள்ளே இறங்குகிறது. ரேடியேட்டர் பக்கம் பார்த்த சுவரில் இருக்கிறது, இடது வலதில் இல்லை. மற்ற மூன்றிலும் அப்படி எதுவும் கிடையாது. ரிங் உடைந்து கிழித்ததா?

லேத்து_கோவை

ரேடியேட்டர் பக்கம் என்று சொன்னீர்கள் பாருங்கள், அதிலேயே விடை இருக்கிறது. ரிங் உடைந்தாலோ, பிஸ்டன் சூடாகிப் பிடித்தாலோ கீறல் பெரும்பாலும் இடது வலது பக்கம் விழும், அங்குதான் பிஸ்டன் அழுத்துகிறது. முன்பக்கச் சுவரிலோ பின்பக்கச் சுவரிலோ ஒற்றைக் கோடு என்றால் அது பிஸ்டன் பின் (பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் இணைக்கும் உருளை) செய்த வேலை. அந்தப் பின் கிராங்குக்கு இணையாகத்தான் படுத்திருக்கும், அதன் இரண்டு முனையும் முன்னும் பின்னும் பார்த்திருக்கும்.

இந்தப் பழைய 1489 இன்ஜினில் பின்னைப் பிடித்திருப்பது கனெக்டிங் ராடின் மேல்முனையில் இருக்கும் ஒரு சின்ன போல்ட். பின்னின் நடுவில் ஒரு பள்ளம் இருக்கும், போல்ட் அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்து ராடை இறுக்கிப் பிடிக்கும். போன முறை வேலை செய்தவர் அந்த போல்ட்டைச் சரியாக இறுக்காமலோ பூட்டு வாஷர் போடாமலோ விட்டிருந்தால் பின் மெல்ல மெல்ல ஒரு பக்கமாக நகர்ந்து சுவரைத் தொட்டு உழுதுவிடும். மூன்றாவது ராடைக் கழற்றி அந்த போல்ட்டைப் பாருங்கள், கையால் திருகினாலே வரும் என்று நினைக்கிறேன்.

பிஸ்டனை மேலே தள்ளுவதற்கு முன்னால் அந்தப் படிக்கட்டை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சிக்கும். ராடில் எண் அடித்திருக்கிறதா என்று பார்த்து, இல்லை என்றால் ராடிலும் அதன் மூடியிலும் ஒரே பக்கம் குத்திக்கொள்ளுங்கள். இதில் ராடுகள் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் தள்ளி இருக்கும். 1, 3 ஒரு ஜோடி, 2, 4 ஒரு ஜோடி. மாற்றிப் போட்டால் இன்ஜின் சுற்றாது.

இனி அளவு. கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது 10, 20, 30, 40 என்று நான்கு ஓவர்சைஸ் (புது அளவைவிட அத்தனை தவ் பெரியது). புது அளவு 2.875 அங்குலம். 20 போட்டாயிற்று, எனவே 2.895. 7 தவ் தேய்ந்து இப்போது 2.902. 30 போட்டால் 2.905, மிச்சம் மூன்றே தவ். வெட்ட இடம் இருக்கிற மாதிரி தெரியும், ஆனால் தேய்மானம் நாலு பக்கமும் சமமாக இருக்காது. ஒரு பக்கம் கூடுதலாகத் தேய்ந்த ஓட்டையைப் பழைய மையம் மாறாமல் வெட்டும்போது அந்தப் பக்கம் கத்தி படாமலே போய்விடும். ஆகவே 1, 2, 4க்கு நேராக 40.

மூன்றாவதின் கோடு எத்தனை ஆழம் என்று பட்டறையில் அளக்கச் சொல்லுங்கள். இதில்தான் பலரும் ஏமாறுவார்கள். 20இலிருந்து 40க்குப் போனால் விட்டத்தில்தான் 20 தவ் கூடும், சுவரில் ஒரு பக்கத்துக்குப் பத்துதான் வெட்டும். கோடு 10 தவ்வுக்கு மேல் இருந்தால் 40 போட்டும் போகாது. அப்போது அந்த ஒரு சிலிண்டருக்கு மட்டும் ஸ்லீவ் (உள்ளே இறுக்கித் தள்ளும் இரும்புக் குழாய்) போட்டு, அதையும் 40க்கே வெட்டி மற்ற மூன்றோடு சேர்த்துவிடலாம். ஒரு பிளாக்கில் நாலு பிஸ்டனும் ஒரே அளவாகத்தான் இருக்க வேண்டும்.

மார்க்2_புதுக்கோட்டை

போல்ட் கையோடு வந்துவிட்டது. பூட்டு வாஷரே இல்லை. கோடு 12 தவ் ஆழம் என்று பட்டறையில் சொன்னார்கள். ஸ்லீவ் போடுவதாக முடிவு. நான்குக்கும் ஸ்லீவ் போட்டு மறுபடி புது அளவுக்கே கொண்டுவரலாம் என்றும் பட்டறையில் சொல்கிறார்கள், அது நல்லதா?

புதுப்பேட்டை_பழசு

தேவை இல்லாமல் ஸ்லீவ் போடாதீர்கள். ஸ்லீவ் என்பது பிளாக்கில் இருந்து நல்ல இரும்பை வெட்டி எடுத்துவிட்டு வேறு இரும்பை இறுக்கித் தள்ளுவது. இரண்டு மூன்று தவ் இறுக்கத்தில் சரியாக உட்கார்ந்தால் ஆயுசுக்கும் இருக்கும், தளர்வாகப் போட்டால் சூடு பிளாக்குக்குப் போகாது, மேலேறி கேஸ்கெட்டை நசுக்கும். மூன்றாவதுக்கு வேறு வழி இல்லை, போடுங்கள். மற்ற மூன்றையும் 40இல் ஓட்டுங்கள், உங்கள் ஓட்டத்துக்கு அது இருபது முப்பது வருடம் வரும். அதற்கு அப்புறமும் ஸ்லீவ் வழி திறந்தே இருக்கும்.

பிஸ்டனுக்குச் சென்னை வரை வர முடிந்தால் ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் நேரில் தேடுங்கள், போனில் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். பழைய இருப்பாக இந்தியா பிஸ்டன்ஸ் பெட்டி கிடைத்தால் விடாதீர்கள், செம்பியத்தில் செய்தது. பெட்டியைத் திறந்து நான்கையும் ஒரு சின்ன டிஜிட்டல் தராசில் நிறுத்துப் பாருங்கள். நான்கும் ஒன்றுக்கொன்று சில கிராமுக்குள் இருக்க வேண்டும். பிஸ்டன் பின்னை உள்ளே கையால் தள்ளினால் தடையோடு நகர வேண்டும், தானாக விழக் கூடாது. பிஸ்டனைப் பட்டறையில் கொடுத்த பிறகுதான் கடைசி வெட்டு. ஒவ்வொரு பிஸ்டனையும் மைக்ரோமீட்டரில் அளந்து அந்தந்தச் சிலிண்டரை அதற்கு ஏற்றபடி ஹோனிங்கில் முடிக்கச் சொல்லுங்கள். பெட்டி மேல் 40 என்று எழுதியிருப்பதை நம்பி வெட்டித் தருகிற பட்டறை வேண்டாம்.

புது ரிங்கையும் அப்படியே மாட்டாதீர்கள். சிலிண்டருக்குள் வைத்து வாய் இடைவெளி பாருங்கள், அங்குலத்துக்கு 3, 4 தவ் கணக்கில் இந்த இன்ஜினுக்கு 9 முதல் 12 வரை இருக்கலாம். குறைவாக இருந்தால் மெல்லிய அரத்தால் தேய்த்துக் கூட்டுங்கள். சூட்டில் ரிங் நீண்டு இரண்டு முனையும் முட்டினால் சுவரைக் கிழித்துவிடும், போட்ட ஸ்லீவ் வீண்.

ஏ40_யாழ்

வணக்கம், யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். எங்கட வீட்டில் ஒஸ்ரின் ஏ40 நிற்கிறது. உங்கட அம்பாசடர் எஞ்சினுக்கு மூத்த அண்ணன் மாதிரி, ஏ40இன் 1200 சிசி எஞ்சினில் இருந்துதான் பிறகு இந்த பி சீரிஸ் வந்தது, இரண்டுக்கும் ஸ்ட்ரோக் ஒரே 88.9 மில்லிமீற்றர்தான்.

தொண்ணூறுகளில் இங்கே பெற்றோல் வராத காலத்தில் இந்தக் கார்கள் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. ஒரு சின்னப் போத்தலில் பெற்றோலை வைத்து ஸ்டார்ட் எடுத்து, சூடேறின பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அது முழுதாக எரியாது. சுவரில் இருக்கிற ஒயிலைக் கழுவிக்கொண்டு சம்ப்புக்கு இறங்கும். டிப் ஸ்டிக்கில் ஒயில் மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறும், அப்பா தொட்டு முகர்ந்து பார்த்துவிட்டு ஊற்றி மாற்றுவார். அந்த வருடங்களில் தேய்ந்த சிலிண்டர்களைப் பிறகு ஒவ்வொன்றாகப் போர் பண்ண வேண்டி வந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், புது எஞ்சின் ஓடத் தொடங்கும்போது சோக்கை இழுத்துவிட்டு மறந்தாலும் பெற்றோல் இதே வேலையைத்தான் செய்யும். ஸ்டார்ட் எடுத்ததும் எவ்வளவு கெதியாகச் சோக்கை உள்ளே தள்ள முடியுமோ தள்ளுங்கள்.

இன்னொன்று, கழுவுவது. ஹோனிங் போட்ட சுவரில் கல்லின் தூள் கோடுகளுக்குள்ளே ஒட்டிக்கொண்டு இருக்கும். பெற்றோலாலோ மண்ணெண்ணெயாலோ கழுவினால் பார்க்கத் துப்புரவாகத் தெரியும், தூள் போகாது, இன்னும் உள்ளே இறங்கும். சுடுதண்ணீரும் சவர்க்காரத் தூளும் போட்டு பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். பிறகு துடைத்து, ஒயில் தடவி, பழைய வெள்ளை வேட்டித் துண்டால் துடைத்துப் பாருங்கள். துணி சாம்பல் நிறமாக வந்தால் திரும்பக் கழுவுங்கள். எனக்கு ஐந்தாவது தடவைதான் வெள்ளையாக வந்தது. காய்ந்த உடனே ஒயில் பூசாவிட்டால் அரை மணித்தியாலத்தில் துரு பிடிக்கும்.

லேத்து_கோவை

யாழ் அண்ணா சொன்ன கழுவுகிற விஷயத்தை அப்படியே செய்யுங்கள், எங்கள் பட்டறையிலும் அதுதான் முறை. ஆயில் போகிற ஓட்டைகளின் அடைப்பானைக் கழற்றி அதற்குள்ளும் பிரஷ் விடுங்கள்.

ஓடவிட்ட பிறகு சும்மா ஐடிலில் நிறுத்தி வைக்காதீர்கள். ரிங் சுவரில் உட்காருவதற்கு அழுத்தம் வேண்டும், ஐடிலில் அழுத்தம் இல்லை, சுவர் மழமழப்பாகி ரிங் கடைசி வரை உட்காராது. முதல் நாளே ரோட்டில் எடுங்கள். வேகத்தை மணிக்கு 40இலிருந்து 60 கிலோமீட்டர் வரை மெல்ல ஏற்றி, காலை எடுத்து இறங்கவிட்டு, மறுபடி ஏற்றுங்கள். ஒரே வேகத்தில் நீண்ட தூரம் வேண்டாம், டாப் கியரில் திணற விடவும் வேண்டாம். சாதாரண மினரல் 20டபிள்யூ50 ஆயில் போதும், சிந்தெட்டிக் இப்போது ஊற்றாதீர்கள். 500 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றி, ஹெட் நட்டுகளை மறுபடி இறுக்கி, டேப்பட் பாருங்கள்.

அந்தப் பின் போல்ட்டுகள் நான்கும் புதுசு, பூட்டு வாஷர் நான்கும் புதுசு. போட்டு முடித்ததும் எனக்கு ஒரு படம் அனுப்புங்கள்.

மார்க்2_புதுக்கோட்டை

எல்லோருக்கும் நன்றி. ஏழு வாரம் ஆனது. பிஸ்டனுக்கு இரண்டு தடவை சென்னை போனேன், இரண்டாவது தடவை ஜி.பி. ரோட்டில் ஒரு கடைக்காரர் பரணில் ஏறி 40 செட் ஒன்றை எடுத்துத் தந்தார். மூன்றாவதுக்கு ஸ்லீவ் போட்டாயிற்று. கிராங்கையும் அளந்தோம், அது நன்றாக இருந்தது, பேரிங் மட்டும் மாற்றினோம். பிளாக்கை வீட்டு முற்றத்தில் நானும் அப்பாவும் கழுவினோம், நான்காவது தடவையில் துணி வெள்ளையாக வந்தது. மெக்கானிக் அண்ணன்தான் மாட்டினார், பின் போல்ட்டை ஒவ்வொன்றாக இறுக்கிவிட்டு என்னையும் ஒருமுறை இறுக்கிப் பார்க்கச் சொன்னார்.

நேற்று 500 முடிந்தது, ஆயில் மாற்றினோம். கம்ப்ரஷன் 1, 2, 4 மூன்றும் 130ஐ ஒட்டி, மூன்றாவது 128. நீலப்புகை இல்லை. கியர் பாக்ஸ் பக்கம் இரண்டு நாளைக்கு ஒரு சொட்டு விழுகிறது, கீழே அட்டை போட்டு எண்ணிக்கொண்டிருக்கிறேன். பின் போல்ட் படம் கீழே இருக்கிறது, லேத்து அண்ணா, பார்த்துச் சொல்லுங்கள்.